கத்தியும் சாளரமும்: பிலிப் புல்மனின் மூன்று நாவல்களைப் பற்றி ஓர் ஆய்வு

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

ஆங்கிலக் கதை இலக்கியத்தில் ஒரு வகை உண்டு. நம்மைப் போன்ற ஒரு சிறுவனோ சிறுமியோ அன்றாட வாழ்வின் நடுவே எதிர்பாராத ஒரு வழியில் புகுந்து வேறோர் உலகத்தை அடைவதும், அங்கே அரிய செயல்கள் புரிந்து வீடு திரும்புவதும் அதன் பொதுவான அமைப்பாகும். 1865இல் லூயிஸ் கரோல் படைத்த ஆலிஸ் முயல்வளை வழியே போனாள். 1904இல் மேடையேறிய ஜே. எம். பாரியின் நாடகத்தில் பீட்டர் பான் வெண்டியையும் அவள் தம்பியரையும் சாளரத்தின் வழியே பறக்கவைத்து அழைத்துப் போனான். 1950இல் வெளிவந்த சி. எஸ். லூயிஸின் கதையில் லூசி ஒரு துணி அலமாரிக்குள் நுழைந்து, பனி பெய்யும் நார்னியாவில் கால்வைத்தாள். இவற்றை வாயிற்கதைகள் என்று தமிழில் அழைக்கலாம் என நினைக்கிறேன்.

இக்கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழும். இயற்பியல் படிக்கும் எவருக்கும் எழக்கூடிய ஐயந்தான் அது. ஓர் உலகிலிருந்து மற்றோர் உலகிற்குப் போவதென்றால் அது பெரிய வேலை. அவ்வேலைக்கான ஆற்றல் எங்கிருந்து வந்தது? அதற்கு விலை கொடுத்தவர் யார்? நார்னியாவில் நால்வரும் பல்லாண்டுகள் அரசாண்டு, வளர்ந்து, மீண்டும் அலமாரி வழியே வெளியே வருகிறார்கள். வந்து பார்த்தால் போன அதே நேரம், அதே வயது. வீட்டில் ஒருவரும் தேடவில்லை, ஒன்றும் குறையவில்லை. படிக்க இனிமையாக இருக்கிறது. ஆனால் கணக்கு இடிக்கிறது.

இந்தக் கணக்கை ஒளிக்காமல் எழுதிக் காட்டிய ஒரு படைப்பைப் பற்றியே இக்கட்டுரை. ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ என்ற பொதுத் தலைப்பில் பிலிப் புல்மன் மூன்று நாவல்களை எழுதினார். ‘நார்தர்ன் லைட்ஸ்’ 1995இலும், ‘தி சட்டில் நைஃப்’ 1997இலும், ‘தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்’ 2000இலும் வெளிவந்தன. பொதுத் தலைப்பு மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்திலிருந்து எடுக்கப்பட்டது. மூன்றாவது நாவல் 2001ஆம் ஆண்டுக்குரிய விட்பிரெட் பரிசைப் பெற்றது. சிறுவர்க்கான நூலொன்று அந்த ஆண்டின் சிறந்த நூலாக அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டது அதுவே முதல் முறை.

இந்நூல்கள் எனக்கு வரிசையாகக் கிடைக்கவில்லை. பள்ளி இறுதியாண்டில் பழைய புத்தகக் கடையொன்றில் அட்டை கிழிந்த இரண்டாம் நூலை அறுபது ரூபாய்க்கு வாங்கினேன். அது இரண்டாம் நூல் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாளுக்கு நான்கு பக்கம் என்று படித்தேன். மற்ற இரண்டையும் இக்கல்லூரிக்கு வந்தபின் ஆங்கிலத்துறைப் பேராசிரியை ஒருவர் தம் சொந்தப் படிகளைத் தந்து உதவினார். நடுவிலிருந்து தொடங்கியதில் ஒரு நன்மையும் இருந்தது. கதையின் முதன்மை நாயகியை அறிவதற்கு முன்பே அந்தப் பூனையை நான் பார்த்துவிட்டேன்.

பூனை போன வழி

வில் என்பவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன், நம் உலகத்தவன். தந்தை ஒரு பயணத்தில் காணாமற் போனவர். தாய் மனநலம் குன்றியவர். யாருக்கும் தெரியாமல் தாயைத் தானே பேணி வளர்ந்த பிள்ளை. வீட்டிற்குள் புகுந்த அந்நியருள் ஒருவன் தற்செயலாக இறந்துபோக, வில் தப்பியோடி ஆக்ஸ்போர்டு நகருக்கு வருகிறான். இரவு, ஓர் அகன்ற சாலையோரம், மர வரிசைக்கு அருகே ஒரு பூனை நிற்கிறது. அது காற்றில் எதையோ முகர்ந்து பார்க்கிறது; பின்வாங்குகிறது; பிறகு முன்னே அடியெடுத்து வைத்து மறைந்துவிடுகிறது. வில் அவ்விடத்தை உற்று நோக்குகிறான். ஒரு பக்கமிருந்து பார்த்தால் மட்டும் தெரியும் ஒரு திறப்பு. அதற்கப்பால் வேறொரு புல்தரை, வேறொரு நிலவொளி.

மந்திரச் சொல் இல்லை, இடிமுழக்கம் இல்லை. இவ்வளவு எளிமையாக ஓர் அற்புதத்தைச் சொல்லமுடியுமா என்று அன்று வியந்தேன். இன்றும் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதுண்டு.

அப்பாலுள்ள நகரின் பெயர் சித்தகாட்சே. அங்கே பெரியவர்களே இல்லை. பேயுருக்கள் சில பெரியவர்களின் உள்ளத்தை உறிஞ்சி வெற்றுடலாக்கி விடுவதால் சிறுவர் மட்டுமே திரிகிறார்கள். அங்குதான் வில், லைராவைச் சந்திக்கிறான். அவள் மூன்றாவதோர் உலகத்தைச் சேர்ந்தவள். அவள் உலகில் ஒவ்வொரு மனிதரின் ஆன்மாவும் ஒரு விலங்கின் வடிவில் உடலுக்கு வெளியே உடன்வருகிறது. அதனை டீமன் என்கிறார்கள். பேய் என்ற பொருளில் அன்று, பழைய கிரேக்கச் சொல்லொன்றின் வழியில். குழந்தைப் பருவத்தில் அது நொடிக்கொரு வடிவம் எடுக்கும். வளர்ந்ததும் ஒரே வடிவில் நிலைத்துவிடும். லைராவின் கையில் உண்மையுரைக்கும் ஒரு கருவி இருக்கிறது. முகப்பைச் சுற்றி 36 சித்திரங்கள். கேள்வியை மூன்று முட்களால் அமைத்தால் நான்காவது முள் தானே சுழன்று விடை சொல்லும். அறிஞர்கள் ஆயுள் முழுதும் நூல்களைப் புரட்டிப் படிக்கும் அக்கருவியை லைரா ஒருவரும் கற்பிக்காமலே படிக்கிறாள்.

வில்லின் கைக்கு வருவது கத்தி. சித்தகாட்சேயின் அறிஞர் குழு ஒன்று முந்நூறு ஆண்டுகளுக்கு முன் செய்தது. அதன் ஒரு விளிம்பு எந்தப் பொருளையும் அறுக்கும். மறுவிளிம்பு உலகங்களுக்கிடையே சாளரம் திறக்கும். அதைப் பெறும் போராட்டத்தில் வில் இடக்கையில் இரண்டு விரல்களை இழக்கிறான். அதுவே கத்திக்கு உரியவன் என்பதற்கு அடையாளமாகிறது. அறுக்கும் முறையை ஒரு முதியவர் அவனுக்குக் கற்பிக்கிறார். வலியைத் தள்ளாமல், மனத்தைக் கத்தியின் முனைக்குக் கொண்டுபோய், காற்றில் மிக நுண்ணிய ஓர் இடறலைத் தேடிக் கண்டு, அங்கே அழுத்தவேண்டும். மூடும்போது விரல்களால் ஓரங்களைச் சேர்த்துக் கிள்ளிக்கொண்டே வரவேண்டும். வெர்னியர் அளவியைப் பிடித்துச் சுழியப் பிழையோடு மல்லாடிய எங்கள் முதலாண்டு ஆய்வகத்தை நினைத்துக்கொண்டேன். திறக்கக் கற்பிக்கும் பாடத்திலேயே மூடவும் கற்பிக்கிறார் முதியவர். பழைய அறிஞர்கள் மூட மறந்த சாளரங்களுள் ஒன்றுதான் பூனை போன வழி.

கடைசி நிபந்தனை

இனிக் காதலைப் பற்றிச் சொல்லவேண்டும். கல்லூரி மலரில் ஒரு மாணவி அச்சொல்லை எழுதினால் விடுதியில் ஒரு வாரத்துக்குப் பேச்சாகும் என்பதை அறிவேன். ஆயினும் ஆய்வுக்குரிய பொருள் அதுவாயிருக்கையில் தவிர்ப்பதற்கில்லை.

வில்லும் லைராவும் சிறு வயதினர். இருவருக்குமிடையே வளரும் அன்பைப் புல்மன் பெரும்பாலும் வேலையின் வழியாகவே காட்டுகிறார். காயத்திற்குக் கட்டுப் போடுதல், பசிக்குச் சமைத்தல், காவலிருத்தல், இறந்தோர் உலகம் வரை உடன் நடத்தல். மூன்றாம் நூலின் முடிவுக்கு அருகே, ஒரு மரச்சோலையில், லைரா ஒரு சிவந்த பழத்தை வில்லிடம் நீட்டுகிறாள். அப்போதுதான் இருவருக்கும் தம் நெஞ்சம் விளங்குகிறது. அடுத்து வரும் பக்கங்களில் அவர்கள் ஒரு செய்தியை அறிகிறார்கள். திறந்த சாளரங்கள் அனைத்தையும் மூடியாக வேண்டும். ஒவ்வொருவரும் தத்தம் பிறந்த உலகிற்குத் திரும்ப வேண்டும். மீண்டும் சந்திக்க இயலாது.

இதைப் படித்து முடித்த இரவு என் அறைத்தோழி புத்தகத்தைக் கட்டிலில் எறிந்தாள். “ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் நடக்கவைத்துவிட்டுக் கடைசியில் புதிதாக ஒரு நிபந்தனை போடுகிறாரே, இது ஏமாற்று” என்றாள். பல வாசகர்களின் குறையும் இதுவே. அழவைப்பதற்காகவே ஆசிரியர் கடைசி நேரத்தில் ஒரு விதியைப் புகுத்தினாரா, அல்லது அவ்விதி தொடக்கத்திலேயே இருந்ததா? இதைச் சோதிக்க மூன்று நூல்களையும் மறுமுறை, இம்முறை வரிசையாக, குறிப்பெடுத்துக்கொண்டு படித்தேன்.

முதல் நூலின் முடிவில் லைராவின் தந்தை ஆஸ்ரியல் வானத்தைப் பிளந்து மறுவுலகிற்குப் பாலம் அமைக்கிறார். அதற்கான ஆற்றல் எங்கிருந்து கிடைத்தது? ரோஜர் என்னும் சமையற்கூடச் சிறுவனை அவன் டீமனிடமிருந்து வெட்டிப் பிரித்ததில் வெளிப்பட்ட ஆற்றல் அது. அச்சிறுவன் இறக்கிறான். ஆக, இக்கதையில் நம் கண்ணெதிரே திறக்கப்படும் முதல் வாயிலுக்கே விலை ஓர் உயிர். இதைவிடத் தெளிவாக ஓர் ஆசிரியர் முன்னறிவிப்புச் செய்ய முடியுமா?

இரண்டாம் நூலில், பேயுருக்கள் வந்ததற்குத் தம் முன்னோரான அறிஞர்களே காரணம் என்று கத்தியை வைத்திருந்த முதியவர் ஒப்புக்கொள்கிறார். பொருள்களைப் பிணைக்கும் கட்டுகளை ஆராயப்போய் அவர்கள் எதையோ அவிழ்த்துவிட்டார்கள். மூன்றாம் நூலில் இதன் முழுவடிவம் தெரிகிறது. கத்தி ஒரு சாளரத்தைத் திறக்குந்தோறும் ஒரு பேயுரு பிறக்கிறது.

இதனினும் முக்கியமான சான்று முலெஃபாக்களின் உலகில் கிடைக்கிறது. அவை விதைக்காய்களைச் சக்கரமாக மாட்டிக்கொண்டு ஓடும் அறிவுள்ள உயிரினங்கள். அக்காய்களைத் தரும் பெருமரங்கள் பட்டுப்போகின்றன. எப்போதிருந்து என்று கேட்டால் முந்நூறு ஆண்டுகளாக என்கிறார்கள். கத்திக்கும் வயது முந்நூறு. இந்த இரண்டு எண்களையும் என் குறிப்பேட்டில் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு முதுகு சிலிர்த்தது. எங்கோ ஒரு கோபுரத்தில் ஒரு கருவி செய்கிறார்கள். பெயர்கூடத் தெரியாத ஓர் உலகில் மரங்கள் சாகின்றன.

காரணத்தைக் கண்டறிபவர் மேரி மலோன் என்னும் இயற்பியலார். முன்பு கன்னித்துறவியாக இருந்தவர். ஆக்ஸ்போர்டில் இருண்ட பொருள் பற்றி ஆராய்ந்தவர். நம் பாடநூலில் ஒரு பத்தியோடு கடந்துபோகும் செய்தி இது. 1933இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி விண்மீன் மண்டலக் கூட்டமொன்றை ஆராய்ந்தபோதும், 1970களில் வேரா ரூபின் மண்டலங்களின் சுழற்சியை அளந்தபோதும், கண்ணுக்குத் தெரியும் பொருள் மட்டும் கணக்குக்குப் போதவில்லை. அண்டத்தின் பொருளில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு ஒளிவிடாத ஏதோ ஒன்று என்கிறார்கள். புல்மன் அந்த ‘ஏதோ ஒன்றை’ எடுத்து, உணர்வுள்ள நுண்துகள் என்று கற்பனை செய்து, தூசி என்று பெயரிட்டார். மேரி அம்மரங்களின் பிசினை அடுக்கடுக்காகப் பூசி ஒரு தகடு செய்கிறார். அதில் உருவம் இரண்டாகத் தெரிகிறது. கால்சைட் படிகத்தில் நாம் காணும் இரட்டை விலகலைப் போன்றது. தகட்டை இரண்டாக்கி, விதைக்காய் எண்ணெய் தடவி, ஒரு சாண் அளவு தள்ளிப் பிடித்துப் பார்க்கும்போது தூசி பொன்துகளாகத் தெரிகிறது. மலர்களின்மேல் இறங்கவேண்டிய அது வானில் வேறு திசையில் ஓடுகிறது. திறந்துகிடக்கும் சாளரங்கள் வழியே உலகங்களைவிட்டு வடிந்துகொண்டிருக்கிறது.

ஆகவே என் அறைத்தோழிக்கு நான் சொன்ன விடை இது: விதி முதல் நூலிலிருந்தே இருக்கிறது. காதலர்க்காக அதைத் தளர்த்தியிருந்தால்தான் ஏமாற்று. மாயம் என்றால் விதிக்குக் கட்டுப்படாதது என்று பலர் கருதுகிறார்கள். இங்கே மாயம் ஆற்றல் அழியாமைக் கோட்பாட்டைப் போல் நடந்துகொள்கிறது.

ஒன்றை மட்டும் அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். எல்லாச் சாளரங்களையும் மூடினாலும் ஒன்றைத் திறந்து வைக்கலாம், அதற்கான தூசியை ஈடுசெய்ய முடியும் என்று தேவதை சொல்கிறாள். ஏன் சரியாக ஒன்று? அந்த ஒன்றையும் இறந்தோர் வெளியேறுவதற்கென்று அவர்கள் ஏற்கெனவே விட்டுவந்திருப்பதால் காதலர்க்கு மிஞ்சுவது சுழியம் ஆகிறது. இவ்விடத்தில் ஆசிரியரின் கை தராசுத் தட்டில் சற்றே அழுந்தியிருக்கிறது என்பது என் கருத்து.

ஆயாவின் கேள்வி

இனி ஒரு வழி இருந்தது. இருவருள் ஒருவர் மற்றவர் உலகிற்கே போய் வாழ்ந்துவிடலாமே? வில் அதைத்தான் முதலில் சொல்கிறான். அதற்கும் முன்பே விடை இருக்கிறது. வில்லின் தந்தை ஜான் பாரி, அலாஸ்காவில் ஒரு சாளரத்தின் வழியே தவறிப்போய் லைராவின் உலகில் வாழ்ந்தவர். அங்கே கற்றார், பெயர் பெற்றார், ஆனால் நோயுற்றார். பிறந்த உலகில் மட்டுமே டீமன் முழு ஆயுள் வாழும்; பிற உலகில் பத்தாண்டு அளவில் நலிந்துவிடும் என்பதை அவருடைய ஆவியே மகனுக்குச் சொல்கிறது. பத்தாண்டு போதும் என்கிறார்கள் இருவரும் மாறிமாறி. ஒருவர் நலிவதை மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பதா என்று இருவரும் மாறிமாறி மறுக்கிறார்கள்.

ஜான் பாரியின் பகுதியை முதலில் படித்தபோது நான் அதைப் பொருட்படுத்தவில்லை. கல்லூரிக்கு வந்தபின் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் பள்ளிப்படிப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். அம்மா கரும்புக் கொல்லையில் சோகை உரிக்கப் போகிறவர். சனிக்கிழமை ஊருக்குப் போனால் “என்னம்மா, புஸ்தகம் மாதிரி பேசற” என்று பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள். திங்கட்கிழமை வகுப்பில் பேச்சுவாக்கில் ஊர்ச் சொல் வந்துவிட்டால் இங்கே சிரிப்பார்கள். எந்தப் பக்கத்தில் என் டீமன் நலிகிறது என்று சில நாட்கள் யோசித்ததுண்டு. நகரத்திலேயே வேலை, நகரத்திலேயே வீடு என்று திட்டமிடும் நண்பர்களைக் குறைகூற இதை எழுதவில்லை. நானும் அப்படித்தான் திட்டமிடுகிறேன்.

விடுமுறையில் ஓர் இரவு இக்கதையை ஆயாவுக்குச் சொன்னேன். கத்தி, கரடி, பேயுரு எல்லாவற்றையும் அசையாமல் கேட்டார். உலகம் பல உண்டு என்பதில் அவருக்கு எந்தத் தடையும் இல்லை. இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அதெல்லாம் சரி. அந்தப் பையனோட அம்மாவ இப்ப யாரு பாத்துக்கறது?”

எனக்கு உடனே நினைவு வரவில்லை. விளக்கைப் போட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். இரண்டாம் நூலின் முதற்பக்கத்திலேயே இருந்தது. தனக்குப் பியானோ கற்பித்த கூப்பர் என்ற முதிய அம்மையாரின் வீட்டுக்குத் தாயைக் கைப்பிடித்து அழைத்துப்போய், சில நாட்கள் வைத்துக்கொள்ளுமாறு கெஞ்சிவிட்டுத்தான் வில் பயணம் தொடங்குகிறான். நான் பூனையிடம் விரைந்து போகும் ஆவலில் அப்பக்கங்களை வேகமாகக் கடந்திருந்தேன்.

ஆயாவின் கேள்வியோடு மறுபடி படித்தபோது கத்தியின் வரலாறே வேறாகத் தெரிந்தது. எதையும் அறுக்கும் அக்கத்தி இரண்டு முறை உடைகிறது. மூன்றாம் நூலில், லைராவை மீட்கும் தருணத்தில் சாளரம் அறுத்துக்கொண்டிருக்கையில், எதிரே நிற்கும் பெண்ணின் முகத்தில் வில்லுக்குத் தன் தாயின் சாயல் தோன்றுகிறது. மனம் கத்தி முனையை விட்டு வீட்டுக்குப் போய்விடுகிறது. கத்தி துண்டுதுண்டாகச் சிதறுகிறது. இயோரெக் என்னும் கவசக்கரடி அதைப் பற்றவைத்துத் தருகிறது, விருப்பமில்லாமலே. இறுதியில் எல்லாச் சாளரங்களும் மூடப்படும் வேளையில் கத்தியை அழித்தாக வேண்டும். வேண்டுமென்றே உடைப்பது எப்படி? தாயை நினைத்து முயல்கிறான், உடையவில்லை. பிறகு லைராவை நினைத்து அறுக்கிறான். உடைந்துவிடுகிறது. முன்பு தாயின் நினைவு செய்ததை இப்போது அவள் நினைவு செய்கிறது. இந்த ஓரிடத்தில் புல்மன் காதலுக்குக் கொடுத்திருக்கும் எடையை, பக்கம் பக்கமாகக் காதல் மொழி பேசும் பல நாவல்களில் நான் கண்டதில்லை.

வில் மேரி மலோனுடன் நம் உலகிற்குத் திரும்புகிறான். தாயைப் பேணுவதில் இனி அவனுக்கு ஒரு துணை உண்டு. ஆயாவிடம் இதைச் சொன்னபோது “அப்ப சரி” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

லைராவின் கதி வேறு. அவளுக்கு அந்த 36 சித்திரக் கருவியைப் படிக்கும் திறன் திடீரென்று போய்விடுகிறது. முன்பு அது அருளால் வந்தது. இனி உழைப்பால் பெறவேண்டும், அதற்கு ஓர் ஆயுள் ஆகும் என்கிறாள் தேவதை. ஊர் சுற்றித் திரிந்த அந்த முரட்டுப் பெண் ஒரு பள்ளியில் சேர்ந்து, நூல்களை வைத்துக்கொண்டு, முதற் சித்திரத்திலிருந்து படிக்க ஒப்புக்கொள்கிறாள். நாளுக்கு நான்கு பக்கம் படித்தவள் என்ற முறையில் இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

பிரியுமுன் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். ஆக்ஸ்போர்டு தாவரவியல் தோட்டம் 1621இல் அமைக்கப்பட்டது. நம் உலகில் மெய்யாகவே உள்ளது. லைராவின் ஆக்ஸ்போர்டிலும் அப்படியொரு தோட்டம், அதே மூலையில் அதே மரப்பலகை. ஆண்டுதோறும் நடுக்கோடை நாளில் நண்பகலில் தத்தம் உலகின் பலகையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பது என்பதே ஏற்பாடு. ஒருவரையொருவர் காணமுடியாது. அப்பலகையைத் தேடிப்போகும் வாசகர்கள் அதில் அவ்விருவர் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். மரத்தைக் கீறுவது நல்ல பழக்கமல்ல என்றாலும் அவர்களை என்னால் கடிந்துகொள்ள முடியவில்லை.

ஆங்கிலேயர் வழக்கில் நடுக்கோடை நாள் ஜூன் 24. அன்று அங்கே கடிகாரம் நண்பகல் காட்டும்போது இந்திய நேரம் மாலை 4.30. கடந்த ஜூன் 24 அன்று அந்நேரம் நான் ஊருக்குப் போகும் பேருந்தில் சாளரத்தின் ஓரம் உட்கார்ந்திருந்தேன். அறைத்தோழி கேட்டு வாங்கிய இரண்டாம் நூல் அப்போது அவளிடம் இருந்தது. இன்னும் திருப்பித் தரவில்லை.